சைகோன் ரிட்டர்ன் டெய்லர்

எங்கள் தெருவில் போர்டை நம்பி யாரும் எதுவும் கேட்கக் கூடாது. ‘பாரிஸ் காபி கிளப்’ நடத்தும் கோவிந்தராசு பக்கத்து ஊர் நெடுங்காட்டைத் தாண்டியதில்லை. ‘ரங்கூன் சலூன்’ முத்தையனுக்குத் தோணியில் கால் வைத்தாலே வாந்தி. போன வருஷம் பிரெஞ்சுக் கொடி இறங்கியதும் மருந்துக் கடைக்காரர் ‘புதுச் சர்க்கார் அனுமதி பெற்றது’ என்று எழுதி மாட்டினார். எந்தச் சர்க்கார் அவரைக் கேட்டதோ! என் கடையில் தொங்குவது ‘சைகோன் ரிட்டர்ன் டெய்லர்’. நான் இங்கே பக்கத்து விழிதியூர்க்காரன். கப்பலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி.

அந்தப் போர்டைப் பார்த்துத்தான் இரண்டு வருஷத்துக்கு முன் கமருன்னிசா என் கடைப் படி ஏறினாள். அவள் புருஷன் நெய்னா முகம்மது சைகோனுக்குப் போனவர். கடிதம் நின்று அப்போதே மூன்று வருஷம்.

“அண்ணே, அங்க எங்க மச்சானப் பாத்திருக்கீங்களா?” என்றாள்.

அன்று தீபாவளித் துணி குவிந்து கிடந்தது. பேச்சு முடிந்தால் போதும் என்று, “பாத்தேன் தங்கச்சி, நல்லாத்தான் இருக்காரு” என்று சொல்லித் தொலைத்தேன். அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தாள். அவள் கேட்கக் கேட்க நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே போனேன். எனக்கே அலுத்துவிட்டது.

நேற்று வந்தவள் உட்காரவில்லை.

“எங்க அண்ணன் எனக்கு வேற நிக்காஹ் பேசிட்டாங்க. மச்சான உசிரோட பாத்தவங்க இருந்தா வந்து சொல்லட்டும்னு காஜியார் கேக்குறாங்க. நீங்க வந்து சொல்லுங்கண்ணே. எனக்கு மச்சான் ஒருத்தங்க போதும்.”

காஜியார் முன்னால் போய்ப் பொய்ச் சாட்சி சொல்ல எனக்குத் தெம்பில்லை. மெஷினை நிறுத்தினேன்.

“நான் சைகோனுக்கே போனதில்ல தங்கச்சி. போர்டு யாவாரத்துக்கு மாட்டுனது. உன் புருஷன் யாருன்னே எனக்குத் தெரியாது.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. மேஜைமேல் கிடந்த கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மன்னிச்சிரும்மா,” என்றேன்.

“அவங்க எளச்சுப் போயிட்டாங்க, அங்க ஒரு வேளதான் சாப்பாடுன்னு போன வருஷம் சொன்னீங்களேண்ணே,” என்றாள் மெதுவாக. “அன்னையிலேருந்து நானும் ஒரு வேளதான் சாப்புடுறேன்.”

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டாள்.

இந்த ஒரு வருஷத்தில் அவள் ரவிக்கைகளை இரண்டு தடவை உள்ளே பிடித்துத் தைத்துக் கொடுத்தவன் நான். ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.