நின்றுபோன வரைபடம்

மதியம் மின்சாரம் போய் வந்த பிறகு, ஆற்றுமட்ட அறையின் கணினி ஒரே வரியைத்தான் திரும்பத் திரும்பக் காட்டியது: மெய்நிகராக்க வசதி முடக்கப்பட்டுள்ளது.

அறைப் பொறுப்பிலிருந்த லித்தியா அதை இரண்டு முறை படித்தாள். மேல்மலையில் ஆற்றுமட்டம் அளக்கும் அளவுகோல் அனுப்பும் கணக்கைப் படிக்கும் நிரல் மிகப் பழையது. இன்றைய கணினியில் அது ஓடாது. அதற்காகவே கணினிக்குள் இன்னொரு பழைய கணினியை ஓடவிட்டிருந்தார்கள். அந்த வசதி முடங்கினால் மலையில் என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

மலையிலோ காலையிலிருந்து மழை.

அதைவிட மோசமான ஒன்று இருந்தது. ஒன்றரை மணிக்கு ஆற்றோர நாசாலா கிராமத் தலைவர் விலிகேசா கூப்பிட்டபோது, சுவரில் இருந்த தனித் திரையில் மின்வெட்டுக்கு முந்தைய வரைபடம் உறைந்து நிற்பது தெரியாமல், "பயமில்ல மாமா, தண்ணி ஏறல" என்று சொல்லிவிட்டிருந்தாள்.

"தொடக்கத் திரைக்குள்ள போய் நானே ரெண்டு தடவை அந்த வசதியைப் போட்டுவிட்டேன்," என்றான் உடன் வேலை பார்க்கும் செமேசா. "ஜெனரேட்டர் ஒரு இருமு இருமினா மறுபடி அணைஞ்சிடுது. பேய் புடிச்ச பொட்டி."

"உங்க ஊர்க்காரங்களுக்கு எல்லாமே பேய்தான். தள்ளு."

கணினியை அணைத்து, மறுபடி போட்டு, விசையை அழுத்தித் தொடக்கத் திரைக்குள் போனாள். வசதி அணைந்திருந்தது. மேல் மூலையில் தேதியைப் பார்த்தாள். பதினோரு வருடம் பின்னால் போயிருந்தது.

"பேயில்லடா. உள்ள இருக்கிற பட்டன் பேட்டரி செத்துப்போச்சு. கரன்ட் போறப்பல்லாம் இது எல்லாத்தையும் மறந்துடுது. உன் கார் சாவியைக் குடு."

"என் காரு என்ன பாவம் பண்ணுச்சு?"

"குடுடா!"

சாவியின் ரிமோட்டைப் பிளந்து பேட்டரியை எடுத்தாள். அதே அளவு. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றி, நகத்தால் பழையதை நெம்பிப் புதியதைப் பொருத்தினாள். தேதியைத் திருத்தி, வசதியைப் போட்டுச் சேமித்தாள். ஜெனரேட்டர் மறுபடி ஒருமுறை இருமி நின்று ஓடியது. இந்தத் தடவை கணினி மறக்கவில்லை.

பழைய நிரல் எழுந்தது. விட்டுப்போன கணக்கெல்லாம் மொத்தமாக வந்து விழ, கோடு மெல்ல ஏறியது, பிறகு செங்குத்தாக ஏறியது. இரண்டே காலுக்கு அப்படியே அறுந்து நின்றது.

"ஏன் நின்னுடுச்சு?" என்றான் செமேசா.

அவள் தொலைபேசியை எடுத்தாள். அளவுகோலையே வெள்ளம் கொண்டுபோயிருந்தது. அங்கிருந்து நாசாலாவுக்குத் தண்ணீர் வர இரண்டரை மணி நேரம் ஆகும். மணி மூன்றே முக்கால்.

வெள்ளம் வருகிறதென்று அவள் சொன்னதும் விலிகேசா சிரித்தார். "மத்தியானம் நீதானே பயமில்லைன்னே? ஆறு வத்திக் கெடக்கு பொண்ணே. புள்ளைங்க நடு ஆத்துல மீன் பொறுக்குதுங்க."

மேலே எங்கோ மரங்கள் ஆற்றை அடைத்து நிற்கின்றன; அந்த அடைப்பு உடைந்தால் மொத்தத் தண்ணீரும் ஒரேயடியாக வரும்.

"நான் சொன்னது தப்பு மாமா. அப்ப எனக்கு எதுவுமே தெரியல. வத்திக் கெடந்தா இன்னும் மோசம். எல்லாரையும் பள்ளிக்கூட மேட்டுக்கு ஏத்துங்க. இப்பவே!"

அவர் சிரிப்பு நின்றது. பிறகு, "டோமாசி! மரமேளத்தை அடிடா!" என்ற கத்தல். ஊரைக் கூட்டும் அந்த மேளம் முழங்கியது. இணைப்பு அறுந்தது.

அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. இருவரும் தொலைபேசியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஐந்தே காலுக்கு விலிகேசாவே கூப்பிட்டார். "மேட்டுலதான் இருக்கோம். கோயில் இல்ல, வீடுங்க இல்ல. புள்ளைங்க எல்லாம் வந்துடுச்சு." குரல் இறங்கியது. "கடைசி வரைக்கும் மேளம் கேட்டுச்சும்மா. டோமாசியை மட்டும் காணோம்."

லித்தியா அறையின் பதிவேட்டை இழுத்து வைத்தாள்.

"பேட்டரி செத்துப்போச்சுன்னு மட்டும் எழுது," என்றான் செமேசா மெதுவாக. "அது பொய்யில்லையே."

அவள் பேட்டரியைப் பற்றி எழுதினாள். அதற்கு மேலே, ஒன்றரை மணி என்று குறித்து, விலிகேசாவிடம் தான் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.