சியோலுக்குப் போன சாமத்திய வீட்டு வீடியோ

எங்கள் கட்டடத்தின் கீழே கடை வைத்திருக்கும் கொரியக்காரி மிஸிஸ் பாக்கின் மகன் மின்சு ஒரு பாடகன். இதை நான் சொல்லத் தேவையில்லை. கனடாவின் ஸ்காபரோவில் அந்தக் கடைக்குப் பால் வாங்கப் போன அத்தனை பேருக்கும் தாயே சொல்லியிருக்கிறார். 94இல் சியோலிலுள்ள ஓர் இசைக் கம்பனி அவனைக் கூட்டிக்கொண்டு போனது. குரலுக்காக அல்ல, உயரத்துக்காக என்பது என் கணிப்பு.

முதல் கசற்றில் ஒரு பாட்டு அங்கே ஒரு கோடைகாலம் ஓடியது. இரண்டாவது கசற்றுக்குத் தலைமயிரை மஞ்சளாக்கினான். பாட்டு பழைய நிறத்திலேயே இருந்தது. மூன்றாவது சீடியாக வந்தது. அதன் அட்டையில் மழையில் நின்று அழுதான். வாங்கியவர்களும் அழுதிருப்பார்கள். மிஸிஸ் பாக் அதைச் சுவிங்கத்துக்குப் பக்கத்தில் அடுக்கினார். சுவிங்கம் நன்றாகப் போனது.

97 முடிவில் பண நெருக்கடியில் கொரியாவே ஆட்டம் கண்டது. கம்பனி மூடப்பட, மின்சு திரும்பி வந்து தாயின் கடையில் பால் பெட்டி இறக்கினான். ஆனாலும் நாலாவது சீடி ஆசை விடவில்லை. சியோலில் வேறொரு கம்பனிக்காரர், கனடாவிலும் உனக்கு ரசிகர்கள் உண்டென்று வீடியோவில் காட்டு, பிறகு பார்ப்போம் என்றிருந்தாராம். கனடாவில் அவனுக்கிருந்த ஒரே ரசிகை தாய்தான்.

அந்த நேரம்தான் ஆறாம் மாடித் தவமணி, பெரியபிள்ளையான தன் மகள் தனுஷிகாவுக்குச் சாமத்தியச் சடங்கு வைத்தாள். பக்கத்து ஊர் பிக்கரிங்கில் யாரோ தங்கள் மகளைச் சடங்கு மண்டபத்தில் குதிரை வண்டிலில் இறக்கியதிலிருந்து அவளுக்கு நித்திரையில்லை. கடையிலேயே பேச்சு முடிந்தது. மின்சு காசு வாங்காமல் பாடுவான், தவமணி அவன் வீடியோவுக்கு மண்டபம் நிறையச் சனம் தருவாள்.

"கொரியாவில பெரிய ஸ்டார், அக்கா. எங்கட ஆக்களில ஆர் இப்பிடிச் செய்தது?" என்றாள் தவமணி என்னிடம்.

"ஒருத்தரும் செய்யேல்லைத்தான். ஒருத்தருக்கும் அப்பிடி யோசினை வரேல்லை."

"உங்களுக்கு எரிச்சல்."

சடங்கன்று ஆரத்தி முடிந்ததும் மின்சு வெள்ளி நிறக் காற்சட்டையோடு மேடைக்கு வந்தான். கசற்றைப் போட்டுவிட்டு வாயசைத்துக்கொண்டு துள்ளினான்.

"உவன் பாடுறானோ, இல்லாட்டி காலுக்குள்ள எறும்பு ஏறிட்டுதோ?" என்று முன்வரிசையில் இரத்தினவேல் அண்ணை கேட்டார்.

"பேசாமல் இருங்கோ அண்ணை, உது முடிஞ்சால்தான் சாப்பாடு" என்றார் பக்கத்திலிருந்தவர்.

முடிந்ததும் மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. மிஸிஸ் பாக் கண்ணைத் துடைத்தார்.

வீடியோ எடுத்தவர் மில்லிக்கனில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் அகஸ்ரின். எங்கள் சடங்கு வீடியோக்களில் நடந்த சத்தம் இருக்காது. அதை எடுத்தெறிந்துவிட்டுச் சினிமாப் பாட்டுப் போடுவார்கள், முகங்களை ரோசாப்பூவுக்குள் மலர வைப்பார்கள். தமிழர் வீட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த இந்தச் சங்கதியை மின்சுவுக்கு யாரும் சொல்லவில்லை. அகஸ்ரின் வழக்கம்போல இழுத்தடித்துக் கம்பனி கேட்ட கடைசி நாளில்தான் வீடியோக் கொப்பி கொடுத்தார். மின்சு அதைப் போட்டுப் பார்க்காமலே கூரியரில் அனுப்பிவிட்டான்.

சியோலிலிருந்து போன் வந்தபோது நான் தேவையில்லாத ஒரு பாலோடு கடையில் நின்றேன். காது மந்தமான மிஸிஸ் பாக் ஒவ்வொன்றையும் மகனிடம் கேட்டுக் கேட்டு, தன் உடைந்த இங்கிலீசில் எனக்கும் சொன்னார். என்ன மொழியென்று விளங்காவிட்டாலும் குரல் மிகவும் பிடித்துவிட்டதாம். இவ்வளவு கனமான குரலை இத்தனை நாள் ஏன் ஒளித்தாய் என்கிறார்களாம். நாலாவது சீடி போடலாமாம்.

மின்சு முழித்தான். எனக்கு அகஸ்ரின் செய்த வேலை விளங்கிவிட்டது: இவன் வாயசைப்புக்கு யாரோ சினிமாப் பாடகரின் குரலைப் போட்டிருக்கிறார். நான் பால் பெட்டியிலிருந்த திகதியை வாசித்தேன்.

"இப்பவே ஒரு வரி பாடட்டாம்!" என்றார் மிஸிஸ் பாக்.

கசற் இல்லை, துள்ள இடமுமில்லை. கண்ணை மூடி, மழையில் அழுத பாட்டைப் பாடினான். மூக்குக்கும் தொண்டைக்கும் இடையில் எங்கோ சிக்கிய மெல்லிய குரல். இரண்டாவது வரியிலேயே அங்கே போனை வைத்துவிட்டார்கள். ரிசீவரின் பீப் பீப் எனக்கே கேட்டது. அவன் நிறுத்தவில்லை. பாட்டு முழுவதையும் பாடி முடித்தான்.

அந்தப் பீப் கேட்காத தாய் ஏதோ கேட்டார். அவன் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே பதில் சொன்னான். மிஸிஸ் பாக் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"யோசித்துக்கொண்டிருக்கிறார்களாம்."