போன வாரம் யாரோடு ஆடினோம்?

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, டார்லா ஃபென்ஸ்கேயின் கோட் கையெல்லாம் ரத்தம். ஒருத்தனுக்குச் சுண்டுவிரல் பின்பக்கமாக மடங்கித் தொங்கியது. அதைப் பிடித்து இழுத்து நேராக்கி, பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டி, முதுகில் ஒரு தட்டுத் தட்டித் திரும்ப அனுப்பினாள். இன்னொருத்தன் இரண்டு பல்லை உள்ளங்கையில் துப்பி அவளிடம் நீட்டினான். "பத்திரமா வைங்க மிஸ் டார்லா, அப்புறம் வாங்கிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே மறுபடி ஓடினான். வில்லோ ஃபோர்க் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு இருபத்தாறு வருஷமாகக் காயம் பார்க்கிறவள் அவள். இப்படி ஓர் ஆட்டத்தை அவள் பார்த்ததில்லை. அடித்துக் கொல்லத்தான் இரண்டு பக்கமும் வந்திருந்தார்கள்.

எதிரே நின்றது கிரேலிங் பல்கலைக்கழகம். தொண்ணூறு வருஷமாக எட்டுக் கல்லூரிகள் ஒரே கூட்டணியில் தங்களுக்குள் ஆடிக்கொண்டிருந்தன. டி.வி.யில் வருகிற பெரிய கூட்டணி ஒன்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிரேலிங்கைப் பார்த்து விரலை அசைத்தது. அவ்வளவுதான், சொல்லாமல் கொள்ளாமல் தாவிவிட்டார்கள். பின்னாலேயே இன்னும் ஐந்து கல்லூரிகள் மூட்டை கட்டின. மேப்பிள்டன் கல்லூரி அணியையே கலைத்துவிட்டது. வில்லோ ஃபோர்க் நடுத்தெருவில் நின்றது. யார் கூப்பிட்டாலும், ஆயிரம் மைல் தாண்டிக் கூப்பிட்டாலும், போய் உதை வாங்கிக்கொண்டு வந்தது.

ஊர் மெல்லக் கைகழுவியது. ஒன்பதாயிரம் பேர் உட்கார்ந்த அரங்கத்தில் எழுநூறு பேர்கூடத் தேறவில்லை. வராதவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பேர் தெரியாத ஊர்க்காரனை எவன் மூன்று மணி நேரம் குளிரில் உட்கார்ந்து திட்டுவான்? திட்டுவதற்கும் ஒரு பழக்கம் வேண்டாமா?

அன்று மட்டும் ஒரு இருக்கை காலியில்லை. பழைய ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த கடைசி ஆட்டம், இனி கிரேலிங் இந்தப் பக்கம் வரப்போவதில்லை. ஆசை இழுத்துவராத கூட்டத்தை ஆத்திரம் இழுத்து வந்திருந்தது. கிழக்குப் படிக்கட்டில் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே மூக்கு உடைந்தது. மதுக்கடைக்காரன் ஒருத்தன் கிரேலிங் சட்டை போட்ட தன் சொந்த மைத்துனனையே கம்பிமேல் கவிழ்த்து மிதித்தான்.

கடைசிக் கால் பகுதியில் நான்கு நிமிஷம் பாக்கி. வில்லோ ஃபோர்க் நான்கு புள்ளி பின்னால். பந்து எதிரணியின் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு தடவை கோட்டைத் தாண்டினால் ஜெயித்துவிடலாம். பந்தை எறிகிறவன் ரோரி மசாக், இருபத்தோரு வயது, அணியின் உயிரே அவன்தான். கையை ஓங்கினான். இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு கிரேலிங்காரர்கள் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். ஒருத்தன் முழங்காலில் அடித்தான், மற்றவன் தாடையில். கட்டையால் கட்டையை அடித்த சத்தம் ஓரக்கோடு வரைக்கும் கேட்டது. ரோரியின் தலை தரையில் ஒரு தடவை மோதி எழும்பி, இன்னொரு தடவை மோதியது.

எழுந்தான். கூட்டம் காதைப் பிளந்தது. எழுந்தவன், அடுத்த திட்டம் பேசக் கிரேலிங்காரர்கள் கூடி நின்ற வட்டத்துக்குள், தன் அணி என்று நினைத்துப் போய்க் குனிந்து நின்றான். அவர்கள் சிரித்துக்கொண்டே அவனைத் தள்ளிவிட்டார்கள்.

டார்லா அதைப் பார்த்தாள். போன வாரமே அவன் தலை வலிக்கிறது என்றான். செவ்வாய்க்கிழமை சரியாகிவிட்டது என்றான், அவளும் நம்பித் தொலைத்தாள். முதல் அடி ஆறுவதற்குள் இன்னோர் அடி விழுந்தால் மூளை வீங்கிவிடலாம், பத்து நிமிஷத்தில் பையன் போய்விடலாம். இப்போது விழுந்தது இரண்டாவது என்றால், மூன்றாவதற்கு அவனை அனுப்பவே கூடாது. ஓடிப்போய்த் தோளைப் பிடித்து இழுத்து வந்து பெஞ்சில் உட்காரவைத்தாள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"இது எந்த ஊரு, கண்ணு?"

"வில்லோ ஃபோர்க்."

"யாரோட ஆடுறோம்?"

"கிரேலிங் நாய்ங்களோட."

"போன வாரம் யாரோட ஆடினோம்?"

"மேப்பிள்டன்."

டார்லா ஹெல்மெட்டைத் தன் கோட்டுக்குள் செருகினாள். மண்டையில் அடிபட்டவனை ஆட்டத்திலிருந்து நிறுத்த அவளைப் போன்றவர்களுக்கு அது ஒன்றுதான் வழி. சொன்னால் எவனும் கேட்கமாட்டான். வெறும் தலையோடு நடுவர் உள்ளே விடமாட்டார்.

கோச் பர்கெட் பாய்ந்து வந்தார். "என்ன பண்ற டார்லா? ஹெல்மெட்டைக் குடு!"

"மேப்பிள்டன்னு சொல்றான் கோச். மேப்பிள்டன்ல டீமே இல்ல."

"அட, எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க! கிரேலிங்குக்கு முந்தின வாரம் மேப்பிள்டன். எங்க தாத்தா காலத்துலேருந்து அதான். இப்ப எவனுக்குத் தெரியுது யாரோட ஆடினோம்னு?" பெஞ்சைப் பார்த்துக் கத்தினார். "டேய், போன வாரம் யாரோட ஆடினோம்?"

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "மேப்பிள்டன்... இல்ல இல்ல," என்றான் ஒருத்தன். "தெற்க எங்கயோ கோச். ஒரே கொசு" என்றான் இன்னொருத்தன். மூன்றாமவன், "பஸ்ல பதினெட்டு மணி நேரம் போனோமே, அந்த ஊரு" என்றான்.

"பாத்தியா? இவனுங்க மண்டையும் உடைஞ்சிருக்கா? எல்லார் ஹெல்மெட்டையும் வாங்கிக்கோ, போ!"

கோச் சொன்னதில் தப்பில்லை என்று டார்லாவுக்குத் தெரியும். அன்று காலையில் மருந்துப் பெட்டியில் போன வார ஆட்டத்துக்கு ஒட்டிய சீட்டைக் கிழிக்கும்போது, 'மேப்பிள்டன்' என்று அவள் கையாலேயே எழுதியிருந்ததைப் பார்த்து அவளே தலையில் அடித்துக்கொண்டாள். இந்தக் கேள்வியில் நல்ல மண்டையும் உடைந்த மண்டையும் ஒரே பதிலைத்தான் சொல்லும். பாழாய்ப்போன கூட்டணிக்காரர்கள் அதையும் கெடுத்து வைத்திருந்தார்கள்.

கோச் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். "மேல கண்ணாடி ரூம்ல ரெண்டு பேரு உக்காந்திருக்கான். புதுக் கூட்டணிக்காரங்க. நிறைஞ்ச மைதானத்தையும் பாத்துட்டான், இப்ப ஜெயிக்கிறதையும் பாத்தான்னா நம்மளச் சேத்துக்குவான். இல்லாட்டி திங்கக்கிழமை நம்ம டீமையும் கலைச்சிடுவாங்க. நூறு பசங்க, புரியுதா? நூறு பசங்க தெருவுல நிப்பானுங்க."

டார்லா பெஞ்சின் முன்னால் மண்டியிட்டாள். ரோரியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "போன வாரம் ஜெயிச்சோமா, தோத்தோமா?"

ரோரி சிரித்தான். "ஜெயிச்சோமே! எங்கப்பா வேலியைத் தாண்டிக் குதிச்சு வந்து என்னைக் கட்டிப் பிடிச்சாரே. நீங்க பாக்கல?"

பெஞ்சில் இருந்தவர்கள் ரோரியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஊர்ப் பேர் மறந்துபோனவர்களுக்கும் அது மறக்காது. போன வாரம் ஐம்பத்தெட்டுக்கு மூன்று என்று அடித்துத் துவைத்து அனுப்பியிருந்தார்கள். ரோரியின் அப்பா வேலி தாண்டியது இரண்டு வருஷத்துக்கு முன்னால், மேப்பிள்டனை ஜெயித்த அன்று.

கோச்சின் முகம் வெளுத்தது. அவருக்கும் புரிந்துவிட்டது; புரியாமல் இருந்திருந்தால்கூட மன்னிக்கலாம். கண்ணாடி அறையை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். கையை நீட்டினார்.

"நாலே நாலு தடவ பந்தை எறிஞ்சா போதும், டார்லா. குடுத்துடு."

"செத்தாலும் குடுக்க மாட்டேன்."

மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். எலும்பு நெறிபட்டது. அவள் குனிந்து அவர் கையைக் கடித்தாள், வாயில் உப்புக் கரிக்கிற வரைக்கும் விடவில்லை. பெரிய திரையில் அவள் முகம் தெரிந்தது. ஒன்பதாயிரம் பேரும் அவள் பெயரைச் சொல்லி வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அவள் ரொட்டி வாங்குகிற கடைக்காரனும், தேவாலயத்தில் பக்கத்தில் உட்கார்கிறவளும் அதில் இருந்தார்கள்.

இந்தக் களேபரத்தில் ரோரி எழுந்துவிட்டான். பக்கத்தில் இருந்தவனின் ஹெல்மெட்டைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினான். ஓட்டம் நேராக இல்லை, இடதுபக்கமாகவே சாய்ந்தது. அரங்கம் அதிர்ந்தது. எதிர்ப்பக்கம் அந்த இரண்டு கிரேலிங்காரர்களும் கையைத் தரையில் ஊன்றித் தயாராகக் குனிந்தார்கள்.

ஐம்பத்திரண்டு வயது டார்லா ஓடினாள். முழங்கால் வலி, குளிர், எதுவும் நினைவில்லை. பந்து நகர்வதற்கு முன் பின்னாலிருந்து ரோரியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அவனோடு சேர்ந்து விழுந்தாள். விசில் அலறியது. நடுவர் மஞ்சள் கைக்குட்டையை வீசினார். வில்லோ ஃபோர்க்குக்குத் தண்டனை, பந்து பதினைந்து கஜம் பின்னால் போனது.

"விடு! விடுடி என்னை!" ரோரி திரும்பி அவள் வாயில் குத்தினான். உதடு கிழிந்தது. இன்னொரு குத்தில் கடைவாய்ப் பல் ஒன்று ஆடியது. அவள் பிடியை விடவில்லை. மூன்றாவதாக ஓங்கிய கை பாதியில் தொய்ந்தது. அவன் ஹெல்மெட்டுக்குள்ளேயே வாந்தி எடுத்தான். டார்லா ஹெல்மெட் வாரை அவிழ்த்துக் கழற்றி, அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, விரலை விட்டு வாயைச் சுத்தம் செய்தாள். படிக்கட்டிலிருந்து வந்த விஸ்கி பாட்டில் ஒன்று அவள் பொட்டில் பட்டு உடைந்தது. ஒரு கண்ணில் ரத்தம் இறங்கியது. மற்ற கண்ணால் அவன் மூச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆம்புலன்ஸ் வந்து ஏற்றுவதற்குள் மாற்று ஆட்டக்காரன் எறிந்த பந்து கிரேலிங் கையில் போய் விழுந்தது. முடிந்தது கதை. வேலி சரிந்தது. கூட்டம் உள்ளே பாய்ந்து, கிரேலிங்காரன், சொந்த ஊர்க்காரன் என்று பார்க்காமல் அடித்தது. சிலர் ஆம்புலன்ஸைச் சுற்றி நின்று கதவில் எட்டி உதைத்தார்கள். "அவளை வெளிய அனுப்புடா!" என்று எவனோ கத்தினான். ஓட்டுநர் சங்கை அலறவிட்டு, இடித்தாலும் பரவாயில்லை என்று வண்டியைக் கிளப்பினான்.

ஆஸ்பத்திரி நாற்பது மைல். பாதி வழியில் ரோரி கண்ணைத் திறந்தான்.

"என் ஹெல்மெட் எங்க? யாரு எடுத்தா?"

"நான்தான் எடுத்தேன்" என்றாள் டார்லா.

அவன் அழுதான். "நாசமாப் போக! எங்க டீமையே கொன்னுட்டியே!" என்று கத்திவிட்டுக் கண்ணை மூடினான். இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி திறந்தான்.

"என் ஹெல்மெட்டை யாரு எடுத்தா?"

"நான்தான்."

முதல் தடவை கேட்பதுபோலவே அதிர்ந்தான், அழுதான், ஏசினான். அப்புறம் மறுபடியும் அதே கேள்வி. ஆறாவது தடவைக்குப் பிறகு, கூட வந்த ஆம்புலன்ஸ்காரனுக்குப் பொறுக்கவில்லை.

"கிரேலிங்காரன் எடுத்துட்டான்னு சொல்லிடுங்களேன். நீங்க எதுக்கு இத்தனை வசவு வாங்கணும்?"

"பொய் சொன்னா எனக்கு ஒண்ணும் தெரியாமப் போயிடும் தம்பி. நடந்தது மண்டைக்குள்ள நிக்குதா நிக்கலையான்னு எப்படிப் பாக்கிறது?"

ஏழாவது தடவை ஏசியபின் அவன் பேசவில்லை. ஐந்து நிமிஷம், ஏழு நிமிஷம். மூச்சு ஓடியது, கண் திறந்திருந்தது, கேள்வி மட்டும் வரவில்லை. டார்லா அவன் முகத்துக்கு மேலே குனிந்தாள். வீங்கிய உதட்டைச் சிரமப்பட்டுத் திறந்தாள்.

"ரோரி, உன் ஹெல்மெட்டை யாரு எடுத்தா?"

அவன் தலையைத் திருப்பி நேராக அவள் கண்ணைப் பார்த்தான்.

"நீதான். எத்தனை தடவ கேப்ப? நீதான் எடுத்த. நீதான் எங்களத் தோக்க வச்ச. சாகுற வரைக்கும் நான் இதை மறக்க மாட்டேன்."

டார்லா உடைந்து போய் ஓவென்று அழுதாள். ரத்தமும் கண்ணீரும் சேர்ந்து கோட்டில் வழிந்தன. அவன் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். அவன் வெடுக்கென்று உருவிக்கொண்டான்.

"மறக்காத, கண்ணு" என்றாள். "மறக்கவே மறக்காத."