மேஜையோடு ஒட்டிய படகு

1

திங்கட்கிழமை காலை ஆறேகால் மணிக்கு என் கணவர் படகை ஒரு முனையில் பிடித்துத் தூக்கினார். அந்தப் பக்கத்து மேஜைக்கால்கள் இரண்டும் கூடவே எழுந்தன.

இந்தக் கதை பிறந்தது அப்போதுதான். பொய். அதற்கு முன்பே பிறந்து, பாதி வளர்ந்து, அலமாரியில் கிடந்தது. வீட்டுக்குள் படகு கட்டும் ஒருவனைப் பற்றிய வேடிக்கைக் கதை. படகு முடிந்தால் கதையும் முடிந்துவிடும் என்று காத்திருந்தேன். இப்போது இரண்டும் நகரமாட்டேன் என்கின்றன.

(கதவைப் பற்றிக் கேட்கப் போகிறீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். கதவை அவர் முதலிலேயே அளந்துவிட்டார். சாய்த்துப் பிடித்தால் படகு வெளியே போகும். கதவுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.)

2

அடித்துப்போட்ட தொடக்கங்கள் சில.

அவனுடைய அப்பா ஆற்றோடு போனபோது அவனுக்கு வயது

என் மாமனார் நன்றாக இருக்கிறார். தண்ணீரோடு அவருக்கு உள்ள உறவு குளியலறையோடு சரி.

நாள் முழுவதும் மேலும் கீழும் போய்வருகிறவனுக்கு ஒரு முறையாவது முன்னால் போகவேண்டும் என்று

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இந்த வரி என்னைக் கொஞ்ச நேரம் மயக்கியது. அழகாக இருந்ததாலேயே சந்தேகம் வந்தது. அவரிடமே கேட்டேன்.

"ஏங்க, எதுக்கு இந்தப் படகு?"

"சும்மாதான்."

"சும்மா யாராவது படகு கட்டுவாங்களா?"

"மத்தவங்க எல்லாம் எதுக்குக் கட்டறாங்க?"

இந்த மனிதரை வைத்துக்கொண்டு ஒரு பாத்திரத்தை உருவாக்க முடியாது. காரணமில்லாத ஆசையை வாசகர் நம்பமாட்டார். ஆனால் மழைக்காலம் முழுவதும் வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், ப்ளைவுட் பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைத்துக்கொண்டிருந்தார். தைத்தபின் மூட்டுகளில் எபாக்சிப் பசை பூசவேண்டும். அது இறுகியதும் கம்பியை உருவிவிடலாம். அதன்பிறகு படகைப் பிடித்து வைத்திருப்பது பசை மட்டும்தான். காரணம் கேட்டால் சும்மா என்கிற ஆள், பசையைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் பேசுவார்.

3

மேஜை. இடிக்கப்பட்ட ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வகத்திலிருந்து வந்தது. தடித்த மரம். ஒரு மூலையில் விளக்கு சுட்ட கருவட்டம் இருக்கிறது. வாக்கியம் வராதபோது என் விரல் அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கும். இதுவரை எழுதியதையெல்லாம் அதன்மேல்தான் எழுதினேன். வேறெங்கும் எனக்கு எழுத வராது. [மிகை என்று இதை அடித்தேன். இரண்டு நாள் சமையலறை மேடையில் முயன்றுவிட்டுத் திரும்பச் சேர்த்தேன்.]

தைக்கும்வரை படகு தரையில் கிடந்தது. பசை பூச நேரான இடம் வேண்டுமாம், இல்லையென்றால் படகு முறுக்கிக்கொள்ளுமாம். ரசமட்டத்தை வீடு முழுக்க வைத்துப் பார்த்தார். கூடம் சரிவு. படுக்கையறை சரிவு.

"வீட்டிலேயே நேரா இருக்கறது உன் மேஜை ஒண்ணுதான். ரெண்டே நாளு."

புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். அப்படித்தான் மேஜை போனது.

4

எபாக்சி* பாலித்தீனில் ஒட்டாது. மற்ற எல்லாவற்றிலும் ஒட்டும். அதனால் படகுக்கு அடியில் பாலித்தீன் விரிப்பு இருக்கவேண்டும். இதை எனக்குச் சொன்னவர் அவர். விரித்தவரும் அவர்.

ஞாயிற்றுக்கிழமை நான் வெளியே போயிருந்தேன். அவர் பலகை ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்தார். தூள் பறந்தது. என் அலமாரிக்குக் கதவு கிடையாது. காகிதங்கள்மேல் தூள் படிவதைப் பார்த்தார். வேறு விரிப்பு இல்லை. படகைத் தூக்கி, அடியில் இருந்ததை உருவி, என் காகிதங்களைப் போர்த்தினார். நான்கு மூலையிலும் லிஃப்ட் போல்ட்டுகளைப் பாரமாக வைத்தார். பிறகு பசையைக் கலந்தார்.

பசை தையல் துளைகள் வழியே இறங்கியது.

மாலையில் வந்து, போர்த்தியிருந்ததைப் பார்த்து நெகிழ்ந்துபோனேன். நெகிழ்ச்சி மறுநாள் காலை ஆறேகால் மணிவரை தாங்கியது.

(என் எரிச்சலைப் புரிந்துகொள்ளுங்கள். சோம்பலால் செய்திருந்தால் கத்தியிருக்கலாம். குடித்துவிட்டுச் செய்திருந்தால் கதையாவது கிடைத்திருக்கும். என் காகிதங்களைக் காப்பாற்றப் போய் என் மேஜையைத் தொலைத்தவரை எந்த வாக்கியத்தில் வைத்துத் திட்டுவது?)

* இரண்டு திரவங்கள். கலந்துவிட்டால் காத்திருக்காது, கிண்ணத்திலேயே சூடேறி இறுகும். நடுவில் நின்று எதையும் நினைவுபடுத்திக்கொள்ள நேரம் தராது. இது அவர் தரப்பு வாதம். நியாயத்துக்காகச் சேர்த்திருக்கிறேன்.

5

பிளம்பர் வேலை பார்க்கும் என் தம்பி, சுடுகாற்று ஊதும் ஹீட் கன்னோடு வந்தான். படகைச் சுற்றி ஒரு முறை நடந்தான்.

"மாமா, ஒரு சந்தேகம். இதுக்கு ரெண்டு துடுப்பா, நாலு காலா?"

"வந்த வேலையைப் பாருடா."

"அக்கா, நீ பேசாம இதுலயே ஏறி உக்காந்து எழுது. தண்ணிக்கு நான் பைப் போட்டுத் தர்றேன்."

"உன்னைக் கூப்பிட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

சூடு ஓரங்களை இளக்கியது. நடுவுக்கு எட்டவில்லை. எட்டும்வரை பிடித்தபோது ப்ளைவுட் கருகத் தொடங்கியது. அணைத்தான்.

"ரெண்டுல ஒண்ணு போகணும் மாமா." இப்போது சிரிக்கவில்லை. "மேஜையை அறுத்தா படகு தப்பிக்கும். படகோட அடியை அறுத்தா மேஜை தப்பிக்கும். பேசி முடிவு பண்ணுங்க."

நாங்கள் பேசவில்லை. நான் எழுதினேன்.

6

முடிவு ஒன்று. மேஜை அறுபடுகிறது. படகு மிதக்கிறது. மனைவி கரையில் நின்று கையசைக்கிறாள். (பல்லைக் கடித்துக்கொண்டு என்று சேர்க்கவேண்டும். சேர்த்தால் வேறு கதையாகிவிடுகிறது.)

முடிவு இரண்டு. படகு அறுபடுகிறது. மனைவி மேஜையில் உட்கார்ந்து இதே கதையை எழுதி முடிக்கிறாள். இப்படிப்பட்டவளின் கதையை நானே படிக்கமாட்டேன்.

முடிவு மூன்று. இரண்டும் அப்படியே நிற்கின்றன, அவள் படகுக்குள் ஏறி உட்கார்ந்து

தம்பியிடம் திருடியது. முதுகும் வலிக்கும்.

7

சனிக்கிழமை. அவர் அலமாரியிலிருந்து போல்ட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு மூடி வெச்சீங்களே, அந்தக் காகிதத்தையெல்லாம் படிச்சீங்களா?"

"மேல இருந்த பக்கம் மட்டும். தூள் தட்டும்போது கண்ல பட்டுது."

மேலே இருந்தது இந்தக் கதையின் பழைய வரைவு. அதில் படகு கட்டுகிறவன் ஒரு முட்டாள். பக்கம் முழுக்க அவனை வைத்துச் சிரித்திருந்தேன்.

"மூடறதுக்கு முன்னாடியா படிச்சீங்க?"

"மூடினப்புறம் எப்படிப் படிக்கறது?"

"ஒண்ணும் தோணலையா?"

யோசித்தார். "அவன் பலகையை எல்லாம் கோணலா வெட்டறான். நான் நேராத்தான் வெட்டினேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கருவட்டத்துக்கு என் விரல் போனது. அங்கே படகு இருந்தது.

உள்ளே போய் ரம்பத்தோடு வந்தார். படகுக்கும் மேஜைக்கும் நடுவே நின்றார். நடுவே என்று ஓர் இடம் இல்லை, அதுதானே சிக்கல். ஆனாலும் அப்படித்தான் நின்றார். ரம்பத்தின் பற்களைக் கட்டைவிரலால் தடவினார்.

"கதையை முடிச்சிட்டியா?"

"இல்ல."

"உன் கதையில அந்த முட்டாள் எதை அறுக்கறான்?"