மெழுகுச் சடை

முதல் சடை சுலபமாகக் கையோடு வந்துவிட்டது. இரண்டாவதோடுதான் எலெங்கு கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. முப்பத்தைந்து வருஷத்து மெழுகு அல்லவா, கல்லாகிக் கிடந்தது.

சடை அவளுடையதுதான். ஆறு வயது எலெங்கு, அதே உயரத்தில் மெழுகாக, புனித அந்திரேயா மடத்தின் பின்னறையில் நின்றுகொண்டிருந்தாள். சுற்றிலும் மெழுகுக் கைகள், மெழுகுக் கால்கள், மெழுகுக் குழந்தைகள். எல்லாம் அப்போஸ்தலர் அந்திரேயாவின் புண்ணியத்தில் பிழைத்தவர்கள் வைத்தவை. அத்தனை முகமும் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

அந்த வருஷக் காய்ச்சலில் அவளும் அண்ணன் பனாயியும் ஒரே கட்டிலில் கிடந்தார்கள். இரண்டு பிள்ளைக்கும் இரண்டு மெழுகுப் பிள்ளை வைப்பதாக அம்மா நேர்ந்துகொண்டாள். இரண்டும் பிழைத்தன. ஆனால் வீட்டுத் தேன்கூடுகளில் ஒன்றுக்குத்தான் மெழுகு தேறியது. பெண்ணுக்கு வைத்துவிட்டு, பையனுக்கு அடுத்த வருஷம் என்றாள். அடுத்த வருஷம் அதற்கடுத்த வருஷமானது. பத்தொன்பது வயதில் பனாயி கடல்முனைக்கு அந்தப் பக்கம் வலை போடப் போனான். படகு மட்டும் திரும்பி வந்தது. உருவம் வைக்காத பிள்ளையைக் கடல் எடுத்துக்கொண்டது என்று அம்மா நம்பினாள்.

இப்போது அம்மாவுக்கு மூன்று நாளாக மூச்சு இழுக்கிறது. கண் சொருகுகிறது, மறுபடி திறக்கிறது. பக்கத்து வீட்டுக் கசியானிதான் போட்டு உடைத்தாள்.

"மேல போற வண்டி வாசல்ல வந்து நிக்குது, உங்கம்மா ஏற மாட்டேங்குறா. என்னமோ நேர்ந்துட்டு செய்யாம விட்டிருக்காடி. கேட்டுப் பாரு."

கேட்டாள். "பையனோடது வைக்கலையே" என்று மட்டும் அம்மா சொன்னாள். அதையே விடிய விடியச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மெழுகு வார்ப்பவன் நாலு நாளாகும் என்றுவிட்டான். அம்மாவை நாலு நாள் அப்படி இழுத்துக்கொண்டு கிடக்கவிட எலெங்குவுக்கு மனசு வரவில்லை. பெட்டியிலிருந்து அண்ணனின் சின்ன வயசுச் சட்டையையும் கால்சட்டையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

சடை போன மெழுகுருவத்தின் நைந்த கவுனைக் கழற்றினாள். சட்டையையும் கால்சட்டையையும் மாட்டினாள். அண்ணன் அப்போதே ஒரு சாண் உயரம் கூட. மெழுகுவத்திப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, உருவத்தை அதன்மேல் தூக்கி வைத்தாள். வெட்டிய சடைகளைப் போட இடம் தெரியாமல் பாவாடைப் பைக்குள் திணித்தாள்.

"என்னம்மா, கத்தரிக்கோலும் கையுமா?"

மடத்துச் சாமியார். வந்து இரண்டு வருஷம்கூட ஆகாதவர்.

"தூசி தட்டுறேன் சாமி."

"தட்டு, தட்டு. பூசைக்கு வர்ற ஆளுங்களைவிட இந்த ரூம்லதான் கூட்டம் ஜாஸ்தி." பெட்டிமேல் நின்றதைப் பார்த்தார். "யாரு இந்தப் பையன்?"

"எங்கண்ணன் சாமி."

"இப்ப நல்லா இருக்கானா?"

எலெங்கு கவுனை மடித்துக்கொண்டே இருந்தாள். அவர் போய்விட்டார்.

வீடு திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. கசியானி கட்டிலோரம் விசிறிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பையனோடது வச்சுட்டேன்."

அம்மாவின் கண் திறந்தது. "உயரம்?"

"சரியா இருந்துச்சும்மா."

"அவன் சட்டையா?"

"நீ தச்சதேதான்."

அம்மாவின் கை மெல்ல எழும்பி எலெங்குவின் தலையைத் தடவியது. காதோரம் இறங்கி, பின்னலைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"உன்னோடது... அவன் பக்கத்துல நிக்குதா?"

உண்மையைச் சொன்னால் அம்மா இன்னும் நாலு நாள் கிடப்பாள்.

"நிக்குதும்மா. பக்கத்துலயேதான்."

அம்மா சிரித்த மாதிரி இருந்தது. விளக்கு வைக்குமுன் மூச்சு நின்றுவிட்டது. பின்னலைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

"எம்மா! என்ன நிம்மதியா போயிட்டா பாரு, குழந்தை மாதிரி" என்று கசியானி அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, வழக்கப்படி உடம்பைத் துடைக்க ஒயின் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

மறுநாள் நடுப்பகலில் அடக்கம் முடிந்தது. கல்லறை வாசலில், அம்மா பேரில் அவித்த கோதுமையை ஆளுக்கொரு பிடி கொடுத்தார்கள். ஊர் முழுக்கக் கடலோரப் பாதையில் இறங்கியது. வீட்டுக்கு அதுதான் குறுக்குவழி.

"ஏண்டி, அங்க எங்க போற? அது சுத்துவழி!" கீழேயிருந்து கசியானி கத்தினாள். "இப்படி வா, காத்தாவது வரும்!"

"நீங்க போங்கக்கா."

எலெங்கு கடலுக்கு முதுகைக் காட்டி மேட்டில் ஏறினாள். அலைச் சத்தம் அங்கேயும் கேட்டது. பாவாடைப் பைக்குள் கையை விட்டாள். இரண்டு சடையும் வெயிலில் இளகி ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. கையை வெளியே எடுக்காமலே நடந்தாள்.