மைக் முன்னால் ஃபின்லே

யாருக்கும் தலைவணங்காத நாக்கு ஸ்காட்லாந்தில் ஒன்றுதான் மிச்சமிருக்கிறது, அது தன் வாய்க்குள் இருக்கிறது என்று ஃபின்லே பக்கன் அறிவித்தபோது, நாங்கள் ஆபர்டீன் கல்லூரி கேண்டீனில் ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். அவன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை, என் வாயிலும் அப்போது நாக்கைவிட ரொட்டிதான் அதிகம்.

அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆங்கிலத்துக்குப் பக்கத்து வீடான எங்கள் ஸ்காட்ஸ் மொழிக்கு இணையத்தில் ஓர் அகராதி உண்டு. அதில் எங்கள் அம்மாக்கள் பேசும் சொல் எதைத் தட்டினாலும், ‘நீங்கள் சொல்ல வந்தது இந்த ஆங்கிலச் சொல்லா?’ என்று தேடல் இயந்திரம் இரக்கத்தோடு கேட்கும். அறுநூறு வருடமாக ஒரு கடற்கரையே தப்பும் தவறுமாகப் பேசிக்கொண்டிருந்ததை முந்தாநாள் பிறந்த ஒரு மென்பொருள் கண்டுபிடித்துவிட்டது. மன்னிக்கவும் தயாராக இருக்கிறது. அந்தப் பெருந்தன்மைதான் எங்களுக்கு வயிற்றெரிச்சல்.

அதனால் கடைசி வருட புராஜெக்டாக நாங்களே ஒரு தேடல் நிரல் எழுதினோம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதும் சொல்லை, எழுத்தை விட்டுவிட்டு ஒலியாக மாற்றும். பிறகு இரண்டு ஒலிகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று அளக்கும். பக்கத்து ஊர் ஒலி மாறி வந்தால் சின்ன அபராதம், சம்பந்தமில்லாத ஒலி வந்தால் பெரிய அபராதம். அபராதம் குறைந்த சொல்தான் விடை. தட்டினாலும் கேட்கும், பேசினாலும் கேட்கும்.

அதைப் பழக்கக் குரல்கள் வேண்டியிருந்தன. பீட்டர்ஹெட்டில் ஃபின்லேயின் வீட்டுக்குப் போனோம். அவன் அம்மா எல்ஸ்பெத், மீன் வெட்டும் கூடத்தில் வேலை.

“செருப்பக் கழட்டாம வந்தீங்கன்னா காலையே வெட்டிருவேன், ரெண்டு கழுதைகளும்!” என்று வரவேற்றாள். தங்கமான ஸ்காட்ஸ். அவசரமாக மைக்கைப் போட்டேன். அவள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

“வருக. தாங்கள் தேநீர் அருந்துகிறீர்களா?” என்றாள், சுத்தமான ஆங்கிலத்தில்.

ஃபின்லேக்கு முகம் சிவந்துவிட்டது. “அம்மா, ஏம்மா இப்படி? ஃபோன் எடுத்தாலும் இதே கூத்து. யாரு உன் வாயத் தச்சது? ராணியா வந்திருக்கு வீட்டுக்கு?”

“வெளியாளுங்க கேக்குறதுடா. ஒழுங்காப் பேச வேணாமா?”

“இதுதாம்மா ஒழுங்கு! மைக்கக் கண்டா மண்டி போடுற ஜனம்! உங்களாலதான் அந்த மிஷினுக்கு இவ்வளவு திமிரு!”

மைக்கை மறந்து அவள் திருப்பித் திட்டினாள். பத்து நிமிடம் ஓடியது. அதை அவள் சம்மதத்தோடு அப்படியே வைத்துக்கொண்டோம். எங்கள் நிரல் காது கேட்கக் கற்றது அந்த வசவில்தான்.

முடிவு செய்ய அகராதிக் குழுவிலிருந்து திருமதி கார்மைக்கேல் எடின்பரோவிலிருந்து எங்கள் கல்லூரி அரங்குக்கு வந்தார். எங்களுடையது தேறினால் அகராதியில் ஏறும். தேறாவிட்டால் அந்த இரக்கமுள்ள இயந்திரமே தொடரும், இன்னும் ஐந்து வருடத்துக்கு. எல்ஸ்பெத் லீவு போட்டு, தேவாலயத்துக்கு அணியும் கோட்டில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

தட்டச்சில் நாங்கள் ஜெயித்தோம். எவ்வளவு கோணலாகத் தட்டினாலும் சொல் வந்து நின்றது. திருமதி கார்மைக்கேல் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

“ரொம்ப நல்லா இருக்கு. இப்ப குரல்ல பாத்துடலாம். நீங்களே பேசுங்களேன், மிஸ்டர் பக்கன். வீட்ல பேசுற மாதிரி, எதாவது.”

ஃபின்லே எழுந்தான். அரங்கில் முப்பது பேர். மைக்கை இழுத்துக்கொண்டான். தொண்டையைச் செருமினான். கழுத்துப் பொத்தானைப் போட்டான்.

“அனைவருக்கும் வணக்கம். இன்று வானிலை சற்றே குளிர்ந்து காணப்படுகிறது.”

திரையில் வந்தது: ஸ்காட்ஸ் சொற்கள் எதுவும் கிடைக்கவில்லை.

நிரலில் பிழையே இல்லை. அதுதான் கொடுமை. நான் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தேன். “டேய், செருப்பு, கழுதை, எதையாவது சொல்லித் தொலைடா,” என்றேன் பல்லுக்குள். அவன் புரிந்ததாகத் தலையாட்டினான். திருமதி கார்மைக்கேல் மூடிய பேனாவை மெல்லத் திறந்தார்.

ஃபின்லே மைக்குக்கு இன்னும் அருகே குனிந்தான். “மன்னிக்கவும்,” என்றான். பிறகு அதே வாக்கியத்தை, முன்னைவிட நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் இஸ்திரி போட்டு, மறுபடி சொல்லத் தொடங்கினான். கடைசி வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்த எல்ஸ்பெத்தின் உதடுகள் அவனோடு சேர்ந்து சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன.