சம்பளக்காரன்

அந்த வருடம் டென்மார்க்கின் மாணவர் கரப்பந்து லீக்கில் ஓல்போர்க் பல்கலைக்கழக அணிதான் வெல்லும் என்று எல்லோரும் நம்பினார்கள். காரணம் டெனிஸ்ரன். மன்னார்க்காரன். வலைக்கு மேலே எழும்பி அவன் அடிக்கிற பந்தை எடுக்க எதிரணிகளில் ஆள் இருக்கவில்லை. அவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன் மட்டக்களப்புச் சுகந்தன். இருவரும் அகதிகளாக வந்து, டேனிஷ் படித்து, பொறியியல் வகுப்பில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். விடுதியிலும் ஒரே சமையலறைதான்.

டெனிஸ்ரனின் மனைவி பிரியந்தி கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தாள். கூட மகள் றோஸ். அவன் நாட்டைவிட்டுப் புறப்பட்டபோது வயிற்றில் இருந்தவள். குடும்பத்தை அழைக்கும் விண்ணப்பம் கொப்பன்ஹேகனில் அசையாமல் கிடந்தது. கேட்டால், பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். தமிழர்களின் விண்ணப்பங்களை மேலிடமே நிறுத்தி வைத்திருக்கிறது என்பது அப்போது அவனுக்குத் தெரியாது.

மாணவர் உதவிப் பணத்தில் லொட்ஜ் வாடகை கட்ட முடியவில்லை. மாலையில் மீன் தொழிற்சாலைக்குப் போகப்போகிறேன், இனிப் பயிற்சிக்கு வரமாட்டேன் என்று பயிற்சியாளர் ஹென்னிங்கிடம் சொன்னான். ஹென்னிங் அணியின் ஆதரவாளரான ஒரு தளபாடக் கடைக்காரரிடம் பேசினார். அதன்பிறகு மாதாமாதம் காசு வந்தது. விளையாடுவதற்குக் காசு வாங்குபவர் மாணவர் லீக்கில் ஆடக்கூடாது என்பது விதி. யாருக்கும் சொல்லாதே என்றார் ஹென்னிங்.

கடைக்காரரே ஒரு விருந்தில் பெருமையாகச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு ஆட்டமே மாறிப்போனது. தரைக்கு வரும் பந்துக்கு எவரும் பாயவில்லை. "சம்பளக்காரன் எடுக்கட்டும்" என்று சிரித்தார்கள். தோற்கக்கூடாத அணிகளிடம் தோற்றார்கள். கடைசியில் அணித்தலைவன் மோர்ட்டன் கூட்டம் வைத்தான்.

"என் முழங்கால் இந்த அணிக்காகத்தான் உடைந்தது. எனக்கு யார் என்ன தந்தார்கள்? நாளைக்கு இன்னொரு பல்கலைக்கழகம் காசு கொடுத்து இரண்டு பேரை வைத்தால், நாங்கள் மூன்று பேரை வைக்கவேண்டும். பிறகு இது மாணவர் விளையாட்டா?"

"நான் காசுக்காக விளையாடவில்லை. காசு இருந்தால்தான் என்னால் விளையாட முடியும்" என்றான் டெனிஸ்ரன். சொல்லிவிட்டுச் சுகந்தனைப் பார்த்தான்.

சுகந்தன் நிலத்தைப் பார்த்தபடி பேசினான். "கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒருவருக்கும் கூடாது."

லீக்குக்கு அறிவிப்பதென்று முடிவாயிற்று.

வெளியே சைக்கிள்களுக்குப் பக்கத்தில் டெனிஸ்ரன் சுகந்தனை மறித்தான். "நீயுமாடா?"

"மச்சான், நான் நியாயத்தைத்தானே சொன்னன்."

"ஓம். உனக்குக் கொழும்பில ஆரும் இல்லை."

லீக் டெனிஸ்ரனை விலக்கியது. அணி வென்ற புள்ளிகளையும் பறித்தது. மீன் தொழிற்சாலையில் அதற்குள் வேறு ஆட்களை எடுத்துவிட்டார்கள்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் கஷ்டப்படாதையுங்கோ" என்றாள் பிரியந்தி தொலைபேசியில். "இஞ்ச வாடகை குடுக்கிறதைவிட நான் அம்மாட்டப் போறன். விசா வந்தாச் சொல்லுங்கோ, ஓடி வாறன்."

"மன்னாரில பிரச்சினையெல்லோ?"

"சனம் இருக்கினந்தானே."

றோஸ் தொலைபேசியைப் பறித்தாள். "அப்பா, பந்தடிச்சனீங்களோ?"

"ஓம் குஞ்சு, அடிச்சனான்."

மழைக்காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. ஊரில் ஊரடங்கு. ஆஸ்பத்திரிப் பாதையில் எவரையும் விடவில்லை. ஊரடங்கு எடுத்ததும் பிரியந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரி வாசலுக்கு வருமுன்பே அவள் தோளில் கிடந்த உடம்பு குளிர்ந்துவிட்டது. அவளுடைய அண்ணன் பீற்றர் கொழும்புக்கு வந்து தொலைபேசியில் செய்தி சொன்னபோது அடக்கமும் முடிந்திருந்தது. "டெனிஸ்ரன், கேக்குதோ? கேக்குதோ?" என்று அவன் கத்தினான். எல்லாம் தெளிவாகத்தான் கேட்டது.

அடுத்த வருடம் அனுமதி வந்தது, தாய்க்கும் மகளுக்கும்.

பிரியந்தி வரும் நாளில், கூப்பிடாமலே சுகந்தன் கார் கொண்டுவந்து விடுதி வாசலில் நின்றான். அன்று சைக்கிள்களுக்குப் பக்கத்தில் பேசியதற்குப் பிறகு இருவரும் கதைத்ததில்லை. டெனிஸ்ரன் ஏறிக்கொண்டான். காரையும் ஏற்றிக்கொண்டு கொப்பன்ஹேகன் பக்கம் போகும் கப்பலில் சுகந்தன்தான் வாய் திறந்தான்.

"லீக்கில விதியை மாத்திப்போட்டினம். இப்ப எல்லாருக்கும் கொஞ்சம் குடுக்கலாமாம்."

டெனிஸ்ரன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு ரெண்டு அடியெண்டாலும் போடு மச்சான்" என்றான் சுகந்தன்.

"நீ சொன்னது பிழையெண்டா உன்னை வெறுத்துப்போட்டு நான் நிம்மதியா இருந்திருப்பன். அது சரியடா. அதுதான் எனக்குத் தாங்கேலாமக் கிடக்கு."

விமான நிலையத்தில் பிரியந்தி ஒரு சின்னப் பையோடு வெளியே வந்தாள். அவனைக் கண்டதும் அழவில்லை. பாஸ்போட்டை அவன் கையில் வைத்தாள். தாயும் மகளும் ஒன்றாக இருந்து எடுத்த படம் அதில் ஒட்டியிருந்தது.

"உள்ளுக்கை பாஸ்போட் பாக்க நிண்டவன் படத்தைக் காட்டிக் காட்டிப் பிள்ளை எங்கையெண்டு கேட்டான். நான் என்னத்தைச் சொல்ல? எனக்கு அவங்கட பாஷை தெரியாது. தலையை மட்டும் ஆட்டினன். கொஞ்சநேரம் என்னைப் பாத்திட்டு, றோஸின்ர பேருக்கு மேல கோடு கீறிப்போட்டு என்னை வெளியில விட்டவன்."

டெனிஸ்ரன் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். பிரியந்தியும் பக்கத்தில் இருந்து அவன் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். சுகந்தன் பையை எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளிப் போய் நின்றான். பெட்டி ஏற்றிய தள்ளுவண்டிகள் அவர்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன.